மழை முடிவதற்குள் மூன்று வேலை

முதல் மழை விழுந்த அன்று லென்ஸ்காரர் கடையை அரை மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். குடையை மூலையில் சாய்த்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டார். தகரக் கூரையில் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் கீழே, அவரைவிட மூன்று வயது மூத்த கார், வெளிர்பச்சை நிறத்தில், உருண்டைக் கண்களை விழித்துக்கொண்டு நின்றது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "இனி உன் பாடு, என் பாடு" என்றார்.

மழைக்காலத்தில் அந்தக் காரை அவர் வெளியே எடுப்பதில்லை. டிரைவர் காலடியில் தரைத்தகடு துருப்பிடித்து ஒரு சோப்பு டப்பா அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீர் அதன் வழியாகக் கணுக்கால் வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஆகவே மழையின் நாலு மாதமும் காருக்கு ஓய்வு, அவருக்கு வேலை. ஊரே மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்க்கிற நேரத்தில், எப்போது பிடிக்கும் என்று பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

கடைத்தெருவில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். பின்னால் லென்ஸ் தீட்டுகிற மெஷின், முன்னால் ஒரு மேஜை, நடுவில் அவர். இருபத்தேழு வருடமாக இதே வேலை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பேப்பர் தெரிவதும், மீதிப் பேருக்கு பஸ் நம்பர் தெரிவதும் அவர் புண்ணியத்தில்தான். ஆனால் அந்த வேலையில் ஒரு குறை உண்டு. லென்ஸ் சரியாக இருந்தால் போட்டவருக்கு அது இருப்பதே தெரியாது. சரியாக இல்லாவிட்டால்தான் வந்து நிற்பார்கள். கார் அப்படியில்லை. பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். துடைத்தால் பளிச்சென்று ஆகும், முறுக்கினால் இறுகும். பதினோரு வருடத்துக்கு முன்னால், மூடப்பட்ட ஒரு நர்சிங் ஹோமின் வாசலில் கோழிக்கூடு போலக் கிடந்த அதை வாங்கி வந்தபோது, "எதுக்குங்க இது?" என்று கேட்ட மனைவிக்கு அவரால் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. "சும்மா, ஞாயித்துக்கிழமை போய்வர" என்றார்.

மனைவி அதற்கு 'சம்பந்தியம்மா' என்று பெயர் வைத்தாள். வீட்டில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது, எதைச் செய்தாலும் முகம் கோணுகிறது, ஆனாலும் விழுந்து விழுந்து உபசரிக்க வேண்டியிருக்கிறது என்று அதற்கு அவள் காரணம் சொன்னாள்.

அன்று மாலை அவருடைய சட்டைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது. கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, பின் குத்திய பட்டியல். நாற்பத்தொரு வேலை. டீ குடிக்க உள்ளே வந்து அதை மேஜையில் விரித்தபோது, மனைவி அதைப் பார்க்கவே இல்லை.

"போன மழைக்கு எத்தனை வேலைன்னு ஆரம்பிச்சீங்க?"

"நாலு" என்றார்.

"முடிஞ்சது?"

அவர் டீயை ஊதினார். சூடு அவ்வளவாக இல்லை.

போன மழையில் நடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும். ரேடியேட்டர் குழாய் ஒன்றை மாற்றத்தான் கழற்றினார். குழாயைக் கழற்றியவர், ரேடியேட்டரையே கையோடு கையாகக் கழுவிவிடலாம் என்று நினைத்தார். ரேடியேட்டர் வெளியே வந்ததும் அந்த இடம் காலியாக இருந்தது. கையோடு கையாக எஞ்சின் முன்பக்கத்தையும் பார்த்துவிடலாம். அதைப் பார்த்தால் அடுத்தது தெரிந்தது. கையோடு கையாக, கையோடு கையாக என்று நாலு வேலை பதினேழு ஆகி, மழை நின்று, வெயில் வந்து, வெயிலும் முடிந்து மறுபடி மேகம் கட்டுகிற வரைக்கும் கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. வருடம் முழுவதும் ஒருநாள்கூட ரோட்டைப் பார்க்கவில்லை. இந்த மழைக்குப் பத்து நாள் முன்புதான் ஒருவழியாகப் பூட்டி முடித்தார்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கழற்றிய சின்னச் சாமான்களை அவர் மூக்குக்கண்ணாடி டப்பாக்களில் போட்டு நம்பர் ஒட்டி வைப்பார். வெல்வெட் மெத்தையில் நட்டும் போல்ட்டும் நகை மாதிரி உறங்கும். அதில் ஒன்றைக் கடைக்குத் தவறி எடுத்துப்போய், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருக்குப் புதுக் கண்ணாடி என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா அன்று இரவே மகன் வீட்டுக்கு விமானம் ஏறினார். அங்கே போய்த் திறந்தால் உள்ளே கார்புரேட்டரின் ஊசியும் இரண்டு ஸ்பிரிங்கும். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் டப்பாவை மேஜையில் வைத்து, "இதைப் போட்டுப் பாத்தேன். அவ்வளவா தெரியல" என்றார்.

"இந்தாங்க" என்றாள் மனைவி இப்போது. "நானும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்."

அவள் முன்னறையில் திரைச்சீலையும் குஷன் உறையும் தைக்கிறாள். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை. மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து எல்லா வார்டுக்கும் திரைச்சீலை தைத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. மழை முடிந்ததும் மற்ற ஆர்டர்களும் குவியும். அறையில் கால் வைக்க இடமில்லை. துணியைத் தாண்டித்தான் சமையலறைக்கே போகவேண்டும்.

"ஷெட் எனக்கு வேணும். இன்னும் ரெண்டு மெஷின் போட்டா ரெண்டு பேரை வேலைக்கு வச்சுக்கலாம். வண்டி ஓடுச்சுன்னா நான் வாயே திறக்கமாட்டேன். ஓடாத வண்டிக்கு ஒரு ரூமா? இந்த மழை முடிஞ்சதும் அது ரோட்டுல போகணும். இல்லன்னா மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துடுங்க. அவரும் அஞ்சு வருஷமா கேக்கறாரு."

மருந்துக்கடைக்காரர் அவருக்குப் பக்கத்துக் கடை, பால்ய நண்பர், ஜென்ம எதிரி. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்ன லென்சு, என் வண்டி எப்படியிருக்கு?" என்றுதான் கேட்பார்.

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் லென்ஸ்காரருக்குச் சங்கடம்.

பேச்சைக் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு டூட்டி போடுகிறவள். அறுபது பேரின் லீவு, சண்டை, கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே தாளுக்குள் அடக்கிப் பழகியவள். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. எழுத்துல வச்சுடுவோம்" என்று தாளை எடுத்தாள்.

ஒப்பந்தம் இப்படி ஆனது: இந்த மழைக்கு மூன்று வேலை மட்டும். துணி ஏழு நாள் தொடர்ந்து வெளியில் காய்ந்தால் மழை முடிந்ததாகக் கணக்கு. அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டாள் மூன்று பேரும் தாய்மாமனும் ஆக நாலு பேர் உள்ளே உட்கார்ந்து, தள்ளாமல், கட்டி இழுக்காமல், பெரிய ரவுண்டானா வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் ஷெட் காருக்கு. இல்லாவிட்டால் கார் மருந்துக்கடைக்காரருக்கு.

"இன்னொண்ணும் எழுது" என்றாள் மனைவி. "இந்த வீட்டுல இனிமே யாரும் 'கையோட கையா'ங்கற வார்த்தையைச் சொல்லக் கூடாது."

மகள் அதையும் எழுதி, அடிக்கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று வேலையைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். மனைவியின் தம்பியும் வந்திருந்தான். எலக்ட்ரீஷியன், இரண்டு தெரு தள்ளி வீடு, காரில் கைவைக்க யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறவன். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை ஸ்டிக்கர் கொண்டுவந்திருந்தாள்.

"அவசரப் பிரிவு மாதிரிதான்பா. உயிருக்கு ஆபத்துன்னா சிவப்பு. கொஞ்சம் பொறுக்கும்னா மஞ்சள். சும்மா வந்து உட்காந்திருக்கற கேஸ்னா பச்சை. வாசிங்க."

"ஒண்ணு. முன்பம்பருக்கு முலாம்."

"பச்சை."

"அது மங்கிப் போய்..."

"பச்சை. அடுத்தது?"

முதல் பதினெட்டு வேலைகளும் பச்சை வாங்கின. அவர் ஆசைப்பட்ட வரிசையில் எழுதியிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பத்தொன்பதாவது, இடது பக்கம் திருப்பும்போது ஹாரன் தானாக அடிப்பது.

"அது சிவப்பு மாமா" என்றான் தம்பி. "ஸ்டியரிங்குக்குள்ள வயர் உரசுது. ஒரே நாள் வேலை. ஸ்டியரிங்கைக் கழட்டிட்டா அப்படியே மொத்த வயரிங்கையும்..."

அக்கா பார்த்த பார்வையில் அவன் நிறுத்திக்கொண்டான்.

"ஹாரன் அடிச்சா யாரும் சாகமாட்டாங்க" என்றாள் மகள். "வழி விடுவாங்க. பச்சை."

அந்த ஹாரனுக்காக அவர் வலது பக்கத் திருப்பங்களாகவே தேடிப் போகிற ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு கிலோமீட்டர் அதிகம். அப்படியும் வீட்டுத் தெருவுக்குள் நுழைய ஒரு இடது திருப்பம் தவிர்க்க முடியாது.

முப்பத்து மூன்றாவதாக, மெல்லிய குரலில், "பிரேக் கொஞ்சம் கசியுது" என்று வாசித்தார்.

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "பிரேக் முப்பத்து மூணாவதா?"

"மெதுவாதானம்மா ஓட்டறேன்."

"அப்பா, ஓடறதைப் பத்திக் கவலையே இல்ல. நிக்கணும்."

பிரேக் சிவப்பு. தரைத்தகடு ஓட்டை சிவப்பு. மூன்றாவதுக்கு மஞ்சள் கேஸ்கள் ஆறு போட்டி போட்டன. கடைசியில் முன்சீட்டு வென்றது. டிரைவர் சீட்டில் ஒரு ஸ்பிரிங் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன்மேல் மடித்த துண்டு போட்டுத்தான் உட்காருவார்.

"சீட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி. "உங்ககிட்ட விட்டா அதுக்குள்ளயும் எஞ்சின் இருக்கான்னு தேடுவீங்க."

வேலை தொடங்கியது. புதன் மாலையும் ஞாயிறு முழுவதும் ஷெட். சின்னச் சாமான்களுக்கு இந்தமுறை மூக்குக்கண்ணாடி டப்பா தடை. மனைவியின் காலி பட்டன் டப்பாக்கள் வந்தன. முதல் மாதத்தில் நாலு சக்கரத்தையும் இறக்கி, பிரேக்கின் உள்சாமான்களை மாற்றினார்கள். சக்கரம் இறங்கிக் கிடந்தபோது ஷாக் அப்சார்பர் அவர் கண்ணுக்கு நேரே தெரிந்தது. எண்ணெய் கசிந்து, தூசி அப்பி, என்னைப் பார்க்கமாட்டாயா என்றது. நாலே நாலு போல்ட். கையில் ஸ்பானர் வேறு இருந்தது.

"மாமா" என்றான் தம்பி மெதுவாக, வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "இதையும் அப்படியே..."

"மாப்ள, வாயை மூடு."

"இல்ல, சக்கரம்தான் ஏற்கெனவே..."

"நீ போய் டீ வாங்கிட்டு வா."

அவன் போனதும் ஷாக் அப்சார்பருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இருபத்தேழு வருடத் தொழிலில் அவர் பொறுமைசாலி என்று பேர் எடுத்தவர். ஆனால் அது அடுத்தவர் கண்ணாடியில் காட்டிய பொறுமை. தன் காரின் முன்னால், திறந்து கிடக்கிற ஒன்றைத் தொடாமல் மூடுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சக்கரத்தை மாட்டி முடித்தபோது வியர்த்துவிட்டது.

இரண்டாம் மாதம் டிங்கர் வந்து, தரைத்தகட்டில் துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தான். "இந்தப் பக்கமும் லேசா இருக்கு சார், பாத்துடவா?" என்று அவன் கேட்டபோது, லென்ஸ்காரர் சுவரில் ஒட்டியிருந்த ஒப்பந்தத்தைக் காட்டினார். டிங்கர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "என் வீட்டுலயும் இப்படி ஒண்ணு எழுதணும் சார்" என்றான்.

இரண்டரை மாதத்தில் அவருடைய இரண்டு வேலையும் முடிந்தன. இப்படி நடந்ததே இல்லை. கடையில் வாடிக்கையாளர்களிடம் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, "என்ன, வண்டியைக் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று ஆவலோடு விசாரித்தார்.

சீட்டு மட்டும் பாக்கி. முன்சீட்டு இரண்டும் முன்னறைக்குப் போய், பழுப்பு ரெக்சினில், ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த விளிம்போடு திரும்பி வந்தன. அவர் உட்கார்ந்து பார்த்தார். துண்டு தேவையில்லை. "கடையில செய்தாக்கூட இவ்வளவு சுத்தமா வராது" என்றார். மனைவி, "உறை தைக்கறவளுக்கு இது ஒரு வேலையா?" என்றாள். ஆனால் போகும்போது திரும்பி நின்று, கதவு வழியாகப் பின்சீட்டை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமான பார்வை. எங்கே பார்த்தோம் என்றுதான் அப்போது பிடிபடவில்லை.

மறுவாரம் புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது, வெட்டு மேஜையின் மேல் பின்சீட்டு மல்லாக்கக் கிடந்தது. உறை இல்லை, நார் மெத்தை இல்லை; வரிசையாக ஸ்பிரிங்குகள் மட்டும். மேஜைக்கடியில் கதவுகளின் உள்பலகைகள் நாலும் அடுக்கியிருந்தன. வாயில் குண்டூசிகளோடு மனைவி நிமிர்ந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள்.

"முன்னாடி புதுசு, பின்னாடி கிழிசல். பாக்க நல்லாவா இருக்கு? சரி, எடுத்ததுதான் எடுத்தோம், கதவுக்கும் அதே துணியில கையோட..."

நின்றுவிட்டாள்.

அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு ஷெட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, புதுச்சீட்டில் உட்கார்ந்து சிரித்தார். மழைச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

சிரிப்பு பத்து நாள்தான் நிலைத்தது. அந்த வருடம் மழை தன் பாட்டுக்கு மூன்று வாரம் முன்னதாகவே மூட்டை கட்டியது. மாடியில் துணி ஒருநாள் காய்ந்தது, இரண்டு நாள் காய்ந்தது. லென்ஸ்காரர் தினமும் காலையில் கொடியைத் தொட்டுப் பார்த்தார்; அவ்வளவு கவலையோடு யாரும் காய்ந்த துணியைத் தடவியிருக்க மாட்டார்கள். பின்சீட்டுக்கு வரவேண்டிய நார் மெத்தை வரவில்லை. ஆஸ்பத்திரித் திரைச்சீலைகளைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும் என்று மனைவி இரண்டு மெஷினுக்கும் நடுவில் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தாள். தப்பு அவளுடையது; தோற்கப்போவது அவர். அதை எடுத்துச் சொன்னால் சண்டை பிடித்துக் காரைக் காப்பாற்றிய மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் கார் போய்விடும். ஒரு வாரமாக இரண்டு பேரும் உப்பு, புளி, கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஏழாவது நாளும் துணி மொடமொடவென்று காய்ந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக்காரர் சலவைச் சட்டையில் வந்து கேட்டருகே நின்றார். கையில் இஞ்ச் டேப்.

"அது எதுக்குய்யா?" என்றார் லென்ஸ்காரர்.

"என் வீட்டு கேட்டுல நுழையுமான்னு பாக்க வேணாமா?"

கார் ஒரே சாவியில் கிளம்பியது. தெருவுக்கு வந்து, பிரேக் போட்டதும் நின்றது. நின்ற விதத்தில் மருந்துக்கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. மகள் சுவரிலிருந்து ஒப்பந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து உரக்க வாசித்தாள். "நாலு பேர் உள்ளே உட்கார்ந்து" என்ற இடத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்தாள். உள்ளே வெறும் தகடு.

தம்பி வானத்தைப் பார்த்தான். லென்ஸ்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மனைவி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷெட் அவளுடையது. சொல்ல அவளுக்கு உரிமையும் இருக்கிறது, எழுத்திலும் இருக்கிறது.

மனைவி உள்ளே போனாள். திரும்பி வரும்போது தலைக்குமேல் ஒரு பெரிய மூட்டை. ஆஸ்பத்திரித் திரைச்சீலை, பாலிதீன் சுற்றி, கயிறு கட்டியது. அதைப் பின்பக்கம் தள்ளினாள். இன்னொன்று கொண்டுவந்து பக்கத்தில் தள்ளினாள்.

"உட்காரணும்னுதானே எழுதியிருக்கு. சீட்டுலன்னு எங்க எழுதியிருக்கு?" என்று தன் மூட்டைமேல் ஏறினாள். "டேய், என்ன வேடிக்கை? ஏறு."

மகள் தாளை இரண்டுதரம் படித்துவிட்டு, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

மூட்டைமேல் உட்கார்ந்ததில் அக்காவும் தம்பியும் கூரையில் தலை இடித்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, யாரையோ சந்தேகப்படுகிறவர்கள் மாதிரி ஊர்வலம் போனார்கள். கால் நனையவில்லை. சிக்னலில் வண்டி நின்றது. வலது பக்கத் திருப்பங்களாகவே எடுத்து ரவுண்டானாவுக்கு வந்தார்கள். அதை ஒட்டித்தான் ஆஸ்பத்திரி.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள் மனைவி. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. நாளைக்கு இன்னொரு தரம் ஆட்டோ பிடிச்சுக்கிட்டு எதுக்கு வரணும்? இதையும் இறக்கிட்டுப் போயிடலாம்."

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. தம்பி இரண்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் கொடுத்து, ரசீது வாங்கி வந்தான். எல்லோரும் திருப்தியாகக் காருக்குத் திரும்பி, பின்கதவைத் திறந்தபோதுதான் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மகள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

திரும்பும்போது மனைவியும் தம்பியும் வெறும் தகட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லென்ஸ்காரர் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. குரல் மட்டும் வந்தது.

"ஏங்க."

"சொல்லு."

"இந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டா மழையில யாரும் திரைச்சீலை தைக்கக் கொடுக்கறதில்ல. எனக்கு வேலை வெயில் நாள்லதான். உங்களுக்கு மழையிலதான்."

"ஆமா."

"வெயில் நாள்ல வண்டி வாசல்ல நிக்கட்டும். நல்ல கனமான துணியில முழு உறை தைச்சுத் தரேன். ஷெட்டுல நான் மெஷின் போட்டுக்கறேன். மழை பிடிச்சா மெஷின் உள்ளே போயிடும், இது உள்ளே வந்துடும்."

வெயிலில் பெயின்ட் வெளுக்குமே என்று அவர் ஸ்டியரிங்கை ஒருதரம் தடவிக்கொடுத்தார். பறவைகள் வேறு இருக்கின்றன. ஆனால் பின்னாலிருந்து, ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியதும், "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ரெட்டை உறையா தை" என்றார்.

"தைச்சுட்டாப் போச்சு."

வீட்டுத் தெரு வந்தது. இடது பக்கம் திருப்பினார். ஹாரன் வழக்கம்போலத் தானாக எடுத்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து வீட்டு கேட் வரை ஒரே மூச்சாக முழங்கியது. ஜன்னல்கள் திறந்தன. இஞ்ச் டேப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்த மருந்துக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். முன்னால் இரண்டு பேர். பின்னால் யாரும் கண்ணில் படவில்லை.

"யோவ் லென்சு, பாதிப் பேரை எங்கய்யா விட்டுட்டு வந்தே?"

ஜன்னலின் கீழ் விளிம்பில் இரண்டு தலைகள் மெல்ல எழுந்தன. மருந்துக்கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

தம்பி கைகொடுத்து இழுக்க, மனைவி இறங்கி, இடுப்பை நிமிர்த்தி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். காது இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்; சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள்.

"இந்தச் சனியன் பிடிச்ச ஹாரனை மொதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

மகள் பையிலிருந்த தாளை எடுத்தாள். தம்பி ஆசையோடு அக்காவைப் பார்த்தான். லென்ஸ்காரர் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"...அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் அவள்.